ஓரம் அடித்த பிறகுதான் பில்

அந்தத் தெருவில் அவளுக்கு ‘ஸ்கிரீன் அக்கா’ என்று பெயர். ஜன்னல் திரை, கதவுத் திரை, ஆஸ்பத்திரிக் கட்டில்களைச் சுற்றித் தொங்கும் பச்சைத் திரை என்று திரையைத் தவிர வேறெதையும் அவள் தைப்பதில்லை. யாராவது சட்டைத் துணியோடு வந்து நின்றால், “ஆளுங்க இளைப்பாங்க, பெருப்பாங்க. ஜன்னல் வச்ச இடத்துல அப்படியே நிக்கும். எனக்கு ஜன்னலே போதும்” என்று சொல்லி அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவாள்.

வீட்டின் முன்னறைதான் தையல்கூடம். இரண்டு பெண்கள் அவளோடு வேலை செய்தார்கள். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை; அவர்களைக் கூப்பிடுவதும் அப்படித்தான். நெட்டை கம்பியில் கொக்கி மாட்டுவாள், குட்டை தரையில் உட்கார்ந்து ஓரம் பார்ப்பாள். ஏணியும் மிச்சம், முதுகுவலியும் மிச்சம் என்று இருவரும் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்வார்கள்.

அக்காவின் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. புதுத் திரையைத் தொங்கவிடும் அன்று கீழ் ஓரத்தை அடிக்கமாட்டாள். பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக ஓட்டிவிட்டு வந்துவிடுவாள். தொங்கும் துணி தன் கனத்தாலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பருத்தி சிறிது இறங்கும், வெல்வெட் தாராளமாக இறங்கும். முதல் நாளே ஓரம் அடித்துவிட்டால் சில வாரங்களில் திரை தரையைக் கூட்டத் தொடங்கிவிடும். அதனால், “துணி உட்காரட்டும்” என்பாள். உட்கார்ந்த பிறகு ஊசியும் சாக்குக்கட்டியுமாக மறுபடி போவாள், அளந்து, மடித்து, ஓரம் அடிப்பாள். பில் எழுதுவது அதற்கும் பிறகுதான். முடியாத வேலைக்குப் பில் எழுத அவளுக்குக் கை வராது.

அவள் கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பஸ்ஸைவிட்டு இறங்கி வருஷக்கணக்காகியும் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். பில் விஷயத்தில் அவருக்கு மனைவியோடு ஒத்துப்போனதே இல்லை. “நான்லாம் ஏறின உடனே டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவேன். இறங்குற எடத்துல கேட்டா எவன் குடுப்பான்?” என்பார். அவள் சிரித்துவிட்டு மிஷினை ஓட்டுவாள். அதுவரை எல்லோரும் இறங்குகிற இடத்தில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகுதான் அந்த அரங்கத்து வேலை வந்தது.

பள்ளி ஆண்டு விழா, நாடகம், சங்கக் கூட்டம் என்று வாடகைக்கு விடப்படும் சின்ன அரங்கம் அது. அதை நடத்தியது ஒரு லிமிடெட் கம்பெனி. பெயர்ப்பலகை நீளமாக இருக்கும். உள்ளே போனால் கம்பெனி என்பது கணவனும் மனைவியும் மட்டும்தான். இருவரும் டைரக்டர்கள். அவரை எல்லோரும் ‘சார்’ என்பார்கள். மனைவி பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர், ஆகவே ‘டீச்சர்’. மேடைக்குக் கருஞ்சிவப்பு வெல்வெட் திரை வேண்டும் என்று சார் ஆசைப்பட்டார். திரை வந்து நடுவில் சேரும்போது கதவு சாத்துகிற மாதிரி சத்தம் கேட்கக் கூடாது, இமை மூடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். அப்படிக் கேட்கிற வாடிக்கையாளர் அமைவது அபூர்வம். அக்கா மனம்விட்டுத் தைத்தாள்.

சார் கொடுத்த முன்பணம் கம்பிக்கும் கொக்கிக்கும், ஓரத்துக்குள் கனத்துக்காகப் போடும் ஈயச் சங்கிலிக்கும், கூலிக்கும் சரியாகப் போயிற்று. வெல்வெட்டை வழக்கம்போலத் துணிக்கடைப் பெரியவரிடம் கடனாக எடுத்திருந்தாள். திரை ஏறியது. சார் கயிற்றை இழுத்து இழுத்து மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார், குழந்தை மாதிரி மறுபடியும் மூடிப் பார்த்தார். துணி உட்காரட்டும், ஓரம் அடிக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டாள்.

துணி உட்காருவதற்குள் சார் போய்விட்டார். காலையில் செய்தித்தாளைப் படித்து மடித்து வைத்தவர், நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சொன்னதோடு சரி. அக்கா போய் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். சாவு வீட்டில் பணம் கேட்கிற வாய் அவளுக்கு இல்லை. ஒரு மாதம் போகட்டும் என்றாள், இன்னும் ஒரு மாதம் என்றாள். அரங்கம் பூட்டியே கிடந்தது. அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

துணிக்கடைப் பெரியவர் கடுஞ்சொல் சொல்கிறவர் இல்லை. அதனாலேயே அவர் சொன்னது அதிகமாக வலித்தது. “உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு இல்லம்மா. இப்ப கடைய என் பசங்க பாக்குறாங்க. பழசை அடைச்சிட்டு வா, எவ்வளவு வேணும்னாலும் அள்ளிட்டுப் போ” என்றார். ஆஸ்பத்திரியில் புதிதாகக் கட்டிய பகுதிக்கு முழுக்கத் திரை போடும் வேலை அப்போது அவளுக்காகக் காத்திருந்தது. துணி இல்லாமல் அதை ஏற்க முடியாது. அது போனால் நெட்டைக்கும் குட்டைக்கும் கொடுக்க வேலை இல்லை. தையல்கூடத்தை மூட வேண்டியதுதான். நெட்டை ஏற்கெனவே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு, விசாரிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா துணிக்கடையிலிருந்து நேராக டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் கேட்டைப் பாதி திறந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

“கம்பெனியே இப்ப இல்லக்கா. கலைச்சுட்டாங்க. நான் எதை வச்சுக் குடுப்பேன்?”

அக்காவுக்குப் புரியவில்லை. இரண்டு பேரில் ஒருவர் கண் முன்னால் நிற்கிறார், கம்பெனி எப்படி இல்லாமல் போகும்? “கம்பெனி இல்லன்னா அந்தத் திரை எதுல தொங்குது? ஆகாசத்துலயா? நல்லாப் படிச்சவங்க பேசுற பேச்சா இது?” என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது, பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. டீச்சர் கேட்டைச் சாத்தினார். அந்தச் சாத்தலில் கோபம் இல்லை என்பது அக்காவுக்கு அப்போது தெரியவில்லை.

வீட்டில் கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஆளும் இறங்கியாச்சு, பஸ்ஸே இல்லங்குறாங்க. சரி, டிப்போல போய்க் கேப்போம், கிளம்பு” என்றார். டிப்போ என்று அவர் சொன்னது மருந்துக்கடை மாடியில் இருந்த வக்கீல் அலுவலகத்தை. வக்கீல் இளம்பெண். எதிரே போடப்பட்ட நாற்காலிகளில் ஒன்றில்தான் நம்பி உட்காரலாம், மற்றது ஆடும். கண்டக்டர் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார், பழக்கம்தான் என்றார்.

வக்கீல் கம்ப்யூட்டரில் கம்பெனியின் பெயரைத் தட்டினார். திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

“டீச்சர் சொன்னது பொய் இல்லம்மா. பதிவேட்டுலேருந்து பேரை எடுத்துட்டாங்க.”

ஒரு கம்பெனி ஒவ்வொரு வருஷமும் தன் கணக்குகளைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நோட்டீஸ் வரும். நோட்டீஸுக்கும் பதில் இல்லை என்றால், இது இயங்காத கம்பெனி என்று பெயரை அடித்துவிடுவார்கள். அந்த நிமிஷத்தோடு சட்டத்தின் கண்ணில் கம்பெனி செத்துவிட்டது. செத்ததன் மேல் வழக்குப் போட முடியாது. வங்கியில் அதன் பெயரில் இருந்த பணம் அரசாங்கத்துக்குப் போய்விடும். பணம் மட்டும் இல்லை, கம்பெனிக்குச் சொந்தமான நாற்காலி, விளக்கு எல்லாமே அப்படித்தான். வக்கீல் இதை விளக்கி முடித்ததும் கண்டக்டர் யோசித்தார்.

“அப்ப கவர்மெண்டுகிட்ட இப்ப ஒரு வெல்வெட் திரை இருக்குன்னு சொல்லுங்க.”

ஏறக்குறைய அப்படித்தான் என்று வக்கீல் ஒப்புக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பணத்தை டீச்சராவது எடுக்கலாமா என்று கேட்டாள். அவரும் தொட முடியாது, வீட்டுக்காரர் சேர்த்தது என்றாலும் சல்லிக்காசு கிடைக்காது என்றார் வக்கீல். அக்காவுக்குப் பாதி திறந்த கேட் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு டிவியின் சத்தம் குறைந்ததும் நினைவுக்கு வந்தது.

வழி இல்லாமல் இல்லை. கம்பெனியில் பங்கு உள்ளவர்களோ, கம்பெனியிடமிருந்து பணம் வர வேண்டியவர்களோ நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பெயரை மறுபடி பதிவேட்டில் ஏற்றக் கேட்கலாம். ஏறிவிட்டால் அரசாங்கத்திடம் போன பணம் கம்பெனிக்குத் திரும்பும். அதிலிருந்து கடனை வசூலிக்கலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு வக்கீல் கையை நீட்டினார்.

“உங்க பில்லைக் குடுங்கம்மா.”

கண்டக்டர் கூரையைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

“பில் போடல.”

“ஏன்?”

“ஓரம் அடிக்கலையே.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்டக்டர் குரலைத் தாழ்த்தி, இப்போது எழுதி அப்போதைய தேதியைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டார். எனக்குக் காது கேட்கவில்லை என்றார் வக்கீல். அக்காவும் அதற்குத் தயாராக இல்லை. பில் இல்லாததாலேயே கடன் இல்லை என்று ஆகிவிடாது என்று வக்கீல் தைரியம் சொன்னார். ஆனால் இந்தத் திரையை இன்ன விலைக்குச் சொன்னோம், தொங்கவிட்டார்கள், இவ்வளவு பாக்கி என்று கம்பெனி தரப்பிலிருந்து யாராவது சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி தரப்பில் மிச்சம் இருப்பது ஒரே ஆள். அந்த ஆளைத்தான் அக்கா நடுத்தெருவில் நிற்க வைத்துத் திட்டியிருந்தாள்.

 சில நாள் கழித்து ஒரு மதியம் அக்கா தையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டு கேட்டில் போய் நின்றாள். டீச்சர் அவளைப் பார்த்ததும் முகம் வெளிறினார்.

“அரங்கத்துச் சாவி வேணும் டீச்சர்.”

“எதுக்குக்கா?”

“ஓரம் அடிக்கணும். பாக்கி இருக்கு.”

“அக்கா, பணம்…”

“பணத்தைப் பத்தி இன்னிக்கு நான் வாயே திறக்கல. அன்னிக்குத் திறந்ததே ஜாஸ்தி.”

டீச்சர் உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். கொடுக்கக் கையை நீட்டியவர், கொடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார். இருங்கள், நானும் வருகிறேன் என்றார். கையெழுத்துக்காகப் போனாயா, ஓரத்துக்காகப் போனாயா என்று பிற்பாடு நெட்டை கேட்டதற்கு, “ரெண்டுக்கும்தான். என் ஊசியில நூல் எப்பவும் ரெட்டையாத்தான் போகும்” என்றாள் அக்கா.

அரங்கத்துக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. தோளால் தள்ளித்தான் நுழைய வேண்டியிருந்தது. உள்ளே, கதவடியில், தபால் உறைகள் குவிந்து கிடந்தன. பதிவாளர் அலுவலகம், வங்கி, மின்சாரம், மறுபடி பதிவாளர் அலுவலகம். டீச்சர் அப்படியே குந்தி உட்கார்ந்து ஒன்றை எடுத்துத் தேதியைப் பார்த்தார், இன்னொன்றை எடுத்துத் தேதியைப் பார்த்தார். பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தில் தேதி இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர் அவர்.

மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். அக்கா பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டாள். வெயில் வரிசை வரிசையாக நாற்காலிகளைத் தாண்டி மேடைவரை வந்தது. திரை நன்றாக இறங்கியிருந்தது. வலப்பக்கம் நாலு விரல், இடப்பக்கம் ஒரு சாண். மேடைப் பலகையில் களைத்துப்போய் உட்கார்ந்த மாதிரி மடிந்து கிடந்தது. மாதக்கணக்கான கவலைக்கு நடுவிலும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. சொன்ன மாதிரியே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள் என்று டீச்சரைக் கூப்பிட்டாள்.

தூசு தட்டினாள், பழைய தையலைப் பிரித்தாள், சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். டீச்சர் துணியைப் பிடித்துக்கொண்டார். கனமான துணி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கை வேலையில் இருந்ததாலோ என்னவோ, டீச்சருக்குப் பேச்சு வந்தது. கம்பெனிக் காகிதம் எல்லாம் சார் பார்த்தது. வருஷா வருஷம் கடைசி நாள்வரை விட்டுவிட்டு, கண்ணாடி எங்கே, பேனா எங்கே என்று வீட்டையே புரட்டிப்போடுவார். அந்த அமர்க்களம் இல்லாததால் அந்த நாள் வந்ததும் போனதும் டீச்சருக்குத் தெரியவில்லை. இந்தக் கதவைத் திறக்க எத்தனையோ முறை கிளம்பி, தெருமுனைவரை வந்து, திரும்பிப் போயிருக்கிறார். வங்கியில் விசாரித்தபோதுதான் கம்பெனியே இல்லை என்று சொன்னார்களாம்.

“நான் ஏமாத்தலக்கா.”

“தெரியும். வக்கீலம்மா சொன்னாங்க.”

“வக்கீல் சொன்னாத்தான் தெரியுமா?”

அக்கா ஊசியை நிறுத்தினாள்.  “கடைக்காரர் முகத்தைப் பாத்த கண்ணோட நேரா உங்க வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்குப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கணும்” என்றாள்.

 டீச்சர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து ஒரு ஊசியை எடுத்தார். “அந்த மூலைய நான் அடிக்கிறேன். எப்படின்னு காட்டுங்க.” காட்டியும் வரவில்லை. சட்டையில் பித்தான் தைத்ததோடு சரியாம். ஒவ்வொரு தையலும் விடைத்தாளில் போடும் டிக் மாதிரி நீளமாகச் சாய்ந்து விழுந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள், தன் ஓரத்துக்குத் திரும்பினாள். வெயில் மேடையைவிட்டு இறங்குவதற்குள் அக்காவின் தையல் டீச்சரின் மூலைக்கு வந்து சேர்ந்தது. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு மேடை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பில் புத்தகத்தை எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு எழுதினாள். கையெழுத்தை அவள் கேட்கவில்லை. வக்கீல் வேறென்ன கேட்டார் என்று டீச்சர்தான் கேட்டார்.

மருந்துக்கடை மாடியில் வக்கீல் மனுவை வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட வந்திருந்த டீச்சர் நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனு தயங்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு வரியில் டீச்சர் கையைத் தூக்கினார். அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வக்கீல் வாசித்தார்: பெயர் மறுபடி ஏற்றப்பட்டதும், மேற்படி கம்பெனி எப்போதுமே கலைக்கப்படாதது போலத் தொடர்ந்து இருந்துவந்ததாகக் கருதப்படும்.

“நடுவுல போனது போகவே இல்லங்குற மாதிரியா?”

“ஆமா டீச்சர். சட்டத்துல அப்படித்தான்.”

“கம்பெனிக்கு மட்டுந்தானே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வக்கீலுக்குப் பேப்பரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கண்டக்டர் ஆடுகிற நாற்காலியை ஆட்டாமல் பிடித்துக்கொண்டார். அக்கா டீச்சரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாசித்து முடிக்கும்வரை விடவில்லை.

நீதிமன்றத்தில் நாளெல்லாம் காத்திருந்தார்கள், கூப்பிட்டது என்னவோ ஒரு கொக்கி மாட்டுகிற நேரத்துக்குத்தான். விட்டுப்போன கணக்குகளைத் தாக்கல் செய்து அபராதத்தையும் கட்டினால் ஆட்சேபணை இல்லை என்று பதிவாளர் தரப்பில் சொன்னார்கள். நீதிபதி உத்தரவிட்டார். நீதிமன்ற ஜன்னல் திரைகளை அக்கா ஒருமுறை பார்த்தாள், வந்த இடத்தில் அந்தப் பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டாள்.

உத்தரவு வந்தாலும் பணம் உடனே வரவில்லை. அரசாங்கத்திடம் போன வேகம் திரும்பி வருவதில் இல்லை என்றார் கண்டக்டர். ஆஸ்பத்திரி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. நெட்டை ஒரு நாள் அழுதுகொண்டே வந்து, தொழிற்சாலையில் சேரப் போவதாகச் சொன்னாள். அக்கா அவளுக்குப் புதுக் கத்தரிக்கோல் ஒன்று கொடுத்து அனுப்பினாள். குட்டை ஏணியில் ஏறக் கற்றுக்கொண்டாள். டீச்சர் பள்ளி முடிந்து தையல்கூடத்துக்கு வர ஆரம்பித்திருந்தார். விட்டுப்போன கணக்குத் தாள்களைத் துணி வெட்டும் மேஜையில்தான் விரித்துப்போட்டு எழுதினார். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் கண்ணாடி எங்கே என்று கேட்கும் குரல் வருகிறதாம்.

வங்கிக் கணக்கு திறந்த அன்று டீச்சர் முதல் காசோலையை அக்கா பெயருக்கு எழுதிக்கொண்டு வந்தார். கம்பெனி முத்திரை, அதன் கீழ் தன் கையெழுத்து. பில்லில் இருந்ததற்கு ஒரு காசு கூடக் குறையாத தொகை. ஆனால் பில்லில் ஒரு வரி தனக்குப் புரியவில்லை, அப்போதே கேட்க நினைத்தேன் என்றார். ‘கழிவு’ என்று போட்டு ஒரு சின்னத் தொகையைக் குறைத்திருந்தது.

“அது உங்க கூலி. இடப்பக்க மூலை நீங்க அடிச்சதுதானே” என்றாள் அக்கா. டீச்சர் பில்லை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

துணிக்கடைப் பெரியவர் பணத்தை வாங்கிக்கொண்டு, இவ்வளவு நாள் கடைப் பக்கமே வராமல் இருந்ததற்காக அவளைத் திட்டினார். உள்ளே கூட்டிப்போய்ப் புது வெல்வெட்டைக் காட்டினார். அந்த வாரமே நெட்டை கத்தரிக்கோலோடு திரும்பி வந்துவிட்டாள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் மேஜை போட்டு முதுகை ஒடித்துவிட்டார்கள் என்றாள். குட்டை ஏணியைவிட்டு இறங்கவே சம்மதிக்கவில்லை என்பது தனிக் கதை.

அரங்கத்தை டீச்சர் மூடவில்லை. பிள்ளைகளின் நாடக ஒத்திகைக்கு முதலில் திறந்தார். அன்று காலை திரையைச் சரிபார்க்க அக்கா போனாள். கயிற்றை இழுத்ததும் இரண்டு பக்கமும் வந்து, நடுவில், சத்தமில்லாமல் சேர்ந்தன. ஓரம் பலகையைத் தொட்டும் தொடாமலும் நேர்கோடாக நின்றது, இடப்பக்க மூலையைத் தவிர. அங்கே டீச்சரின் டிக் தையல் லேசாக அலைந்தது.

கூட வந்திருந்த நெட்டை குனிந்து பார்த்துவிட்டு, “அக்கா, இந்த மூலைய யாரு தச்சா? கேவலமா இருக்கு, பிரிச்சிடவா?” என்று கேட்டாள். கத்தரிக்கோல் அதற்குள் அவள் கைக்கு வந்திருந்தது.

“கைய எடு” என்றாள் அக்கா. “அது உட்கார்ந்தாச்சு.”